இடப்பக்க மூலையில் கேட்ட சத்தம்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்று அக்கா என்னிடம் முதலில் சொன்ன வாக்கியம் எது என்பதில் எங்கள் இருவருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. "டேய், என் கால் அளவு கேட்டாங்கடா" என்று அவள் சிரித்துக்கொண்டே ஆரம்பித்ததாக எனக்கு ஞாபகம். அவளைக் கேட்டால், "இல்லவே இல்ல. எனக்கு ஒரு சத்தம் கேட்டுச்சுன்னுதான் ஆரம்பிச்சேன். நீ வழக்கம்போல எங்கயோ பாத்துட்டு இருந்திருப்ப" என்கிறாள்.

எது முதல் வாக்கியம் என்பதைப் பொறுத்துக் கதையே வேறாகிவிடும். அவள் கால் அளவில் ஆரம்பித்திருந்தால், இது கைக்கு எட்டிய வேலை தவறிப்போன கதை. சத்தத்தில் ஆரம்பித்திருந்தால், அவள் அன்றைக்கே பயந்திருந்தாள், நான்தான் கவனிக்கவில்லை என்று ஆகிறது. இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டு இரண்டையும் அப்படியே வைத்திருக்கிறேன்.

அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. தையல் மெஷின் செய்யும் தொழிற்சாலையில் பதினாறு வருடம் கடைசி மேஜையில் உட்கார்ந்திருந்தவள். பாகங்களையெல்லாம் பூட்டி முடித்த மெஷின் அவளிடம் வரும். ஒரு நிமிடம் ஓட்டிக் கேட்பாள். சரியாக இருந்தால் சாக்பீஸால் ஒரு கோடு. சரியில்லை என்றால், கோளாறு எந்த இடத்திலோ அந்த இடத்தில் ஒரு வட்டம். அவளுக்கு வேறு கருவி கிடையாது, காதுதான். தொழிற்சாலையை மூடிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தபோது, "கேட்கத் தெரிந்தவர் தேவை. படிப்பும் வயதும் தடையில்லை" என்ற விளம்பரத்தை அவளுக்கு அனுப்பியது நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் யார் மேலாவது பழி போடவேண்டி வந்தால் ஆள் தேடி அலைய வேண்டாம்.

2

கைவிட்ட தொடக்கம் ஒன்று:

அந்த அறைக்குள் நுழைந்ததும் மௌனம் அவளை ஒரு—

(ஒரு என்ன? போர்வையைப் போலவா, தண்ணீரைப் போலவா? எதை எழுதினாலும் அக்கா சிரிப்பாள். மௌனம் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. "சத்தம் இல்ல" என்பாள், அவ்வளவுதான்.)

கைவிட்ட தொடக்கம் இரண்டு:

அந்த வாரம் முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். முப்பது பேருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

(இது நன்றாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை. மற்ற முப்பது பேர் என்ன எழுதினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? வேலைக்கு ஆள் எடுத்த இன்ஜினியர் சொன்னதாக அக்கா சொன்னாள். சந்தோஷமாக இருந்த ஒரு நாளில் சொன்னாள்.)

ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

3

விளம்பரம் கொடுத்தது மின்விசிறிக்கும் பிரிட்ஜுக்கும் மோட்டார் செய்கிற கம்பெனி. இன்டர்வியூவில் கேள்விகள் எதுவும் கேட்கவில்லை. இன்ஜினியர் அவளை ஓர் அறைக்கு அழைத்துப் போனார். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள். சுவரிலும் கூரையிலும் சாம்பல் நிறப் பஞ்சுக் கூம்புகள் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. தரைக்குப் பதிலாக இறுக்கி இழுத்த கம்பி வலை. அதற்குக் கீழேயும் பஞ்சு. நடுவில் ஒரு நாற்காலி, ஒரு அட்டை, தாள், பென்சில்.

"ஒரு மணி நேரம் மேடம். என்ன கேக்குதோ எழுதுங்க. கதவு பூட்டியிருக்காது. பயமா இருந்தா தள்ளிட்டு வந்துடலாம்."

"பயந்தா மார்க் குறைப்பீங்களா சார்?"

இன்ஜினியர் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே வேலை பாதி கிடைத்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. முந்தைய மாதங்களில் அவள் போய்வந்த ஏழு இடங்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

கதவு மூடியதும் முதல் சில நிமிடம் அவள் எதையும் எழுதவில்லை. பதினாறு வருடம் இரைச்சலுக்குள்ளிருந்து ஒற்றைச் சத்தத்தைப் பிரித்தெடுக்கப் பழகியவள். இங்கே பிரித்தெடுக்க ஒன்றும் இல்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அவள் தாளில் எழுதியதை அவள் சொன்னபடியே தருகிறேன்:

மூச்சு. துணி உரசுவது. வயிறு. கழுத்தைத் திருப்பினால் எலும்பு. கண் சிமிட்டுவது (சந்தேகம்). காதுக்குள் ரத்தம் ஓடுவது. மேலே, இடப்பக்க மூலையில், மெல்லிசாக ஒரு சத்தம். விட்டு விட்டு இல்லை. நிற்கவே இல்லை.*

* அந்தச் சத்தத்தைப் போனில் எனக்குச் செய்து காட்டினாள். பல்லுக்கு நடுவில் காற்றை மெல்ல இழுத்துவிடுவது மாதிரி இருந்தது. எழுத்தில் கொண்டுவரப் பலமுறை முயன்று விட்டுவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து இன்ஜினியர் தாளை வாங்கிப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்.

"அங்க காத்துக் குழாய் இருக்குன்னு யார் சொன்னாங்க உங்களுக்கு?"

"யாரும் சொல்லல சார்."

"பஞ்சு மூடியிருக்கே. வெளியில தெரியாதே."

"தெரியாது சார். கேட்டுச்சு."

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. டீ வந்தது. ஆள் எடுக்கும் பிரிவிலிருந்து ஒரு அம்மா வந்து, வீடு எவ்வளவு தூரம், காலை ஆறு மணி ஷிப்ட் என்றால் வர முடியுமா என்று விசாரித்தார். கடைசியில் காலைக் குனிந்து பார்த்து, "ஷூ சைஸ் என்னம்மா?" என்றார். உள்ளே வேலை செய்கிற எல்லோரும் இரும்பு முனை வைத்த ஷூ போட வேண்டுமாம்.

"ஆறு."

"ஆறு கையிருப்பு இல்லையே. வரவழைக்கணும். பத்து நாள் ஆகும், பரவால்லையா?"

பரவாயில்லை என்று அக்கா சொன்னாள். பிறகுதான் எனக்குப் போன் செய்தாள்.

4

பத்து நாள் என்று சொன்னது பன்னிரண்டு நாள் ஆனது.

அக்காவின் கணவர், என் மாமா, பள்ளி வேன் ஓட்டுகிறவர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளைகளை ஏற்றிவிட வந்த தாய்மார்களிடம் சொல்லிவிட்டார். "முப்பத்தொரு பேர்ல இவ ஒருத்திதான்." அக்கா திட்டினாள்.

"கையில லெட்டர் வரல, அதுக்குள்ள ஊரைக் கூட்டணுமா?"

"கால் அளவு எடுத்தாச்சு. அப்புறம் என்ன லெட்டர்? கால் அளவை எடுத்துட்டு எவனாவது வேணாம்பானா?"

பதினைந்து வயது மகள், வீட்டில் எல்லோருக்கும் அவள் குட்டி, சத்தத்தை அளக்கும் ஆப் ஒன்றைப் போனில் இறக்கிக்கொண்டு வீடெங்கும் சுற்றினாள்.

"அம்மா, நம்ம ஹால்ல அறுபத்திரண்டு டெசிபல்."

"அதுல உங்கப்பா எவ்வளவு?"

"அம்பத்தஞ்சு."

இதெல்லாம் முதல் நான்கு நாள். ஐந்தாம் நாளிலிருந்து போன் அக்காவோடு எல்லா இடத்துக்கும் போனது. குளிக்கும்போது சோப்பு வைக்கும் தட்டில் இருந்தது. ஒன்பதாம் நாள் எனக்குக் கூப்பிட்டு, "என் நம்பருக்கு ஒரு தடவ அடி. மணி அடிக்குதான்னு பாக்கணும்" என்றாள். வைத்துவிட்டு அடித்தேன். எடுத்தாள். நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. நாங்கள் இருவரும் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆனால் அன்று அந்த அமைதிக்குள் அவள் எதையோ கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்ததாக எனக்குத் தோன்றியது. "சரி, அடிக்குது" என்று வைத்துவிட்டாள்.

(அடுத்த பத்தியை அக்கா எனக்குச் சொல்லவில்லை. நானாக எழுதியது.)

பத்தாம் நாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. அவள் மின்விசிறியை நிறுத்தினாள். பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள். ஜன்னலைச் சாத்தினாள். ஹாலின் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பினாள். உடனே எழுந்து பிளக்கைச் சொருகிவிட்டாள். கேட்டதா கேட்கவில்லையா என்று அவளே முடிவு செய்வதற்குள் பிரிட்ஜ் உறுமத் தொடங்கிவிட்டது.

5

கடிதம் குட்டியின் போனுக்கு வந்தது. அக்காவுக்கு என்று தனியாக மின்னஞ்சல் இல்லை. குட்டி முதல் வரியைச் சத்தமாகப் படித்துவிட்டு இரண்டாவது வரியில் குரலைத் தாழ்த்தினாள். "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. இம்முறை தங்களைத் தேர்ந்தெடுக்க இயலவில்லை. தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்."

"அவனுங்களுக்குக் காது இருந்தாத்தானே" என்றார் மாமா. யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் அக்கா கம்பெனிக்குப் போன் செய்தாள். மூன்று பேரிடம் மாறி மாறிப் போய்க் கடைசியில் இன்ஜினியர் கிடைத்தார். நல்ல மனிதர். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"நேர்ல கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும் மேடம். கூச்சமா இருந்துச்சு. அன்னிக்கு உங்க பேப்பரைப் பாத்து நாங்க எல்லாருமே அசந்து போய்ட்டோம். அப்புறம் மோட்டார் போட்டது, நிறுத்தினது எல்லாம் எழுதற எங்க எலக்ட்ரீஷியன் நோட்டைப் பாத்தோம். அந்தக் காத்துக் குழாய் மோட்டாரை இன்டர்வியூக்காகக் காலையிலயே நிறுத்திட்டாங்க. எட்டு மணிக்கு நிறுத்தினது, சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் திரும்பப் போட்டிருக்காங்க. நீங்க உள்ள இருந்தது பதினொண்ணுலேருந்து பன்னெண்டு."

"அப்ப எனக்குக் கேட்டது என்ன சார்?"

"அதுதான் மேடம் எங்களுக்கும் தெரியல."



"ஒரு தடவ காது டாக்டரைப் பாத்துடுங்க மேடம். தப்பா எடுத்துக்காதீங்க."

"ஷூ வந்துடுச்சா சார்?"

"என்ன மேடம்?"

"ஆறாம் நம்பர் ஷூ. வரவழைக்கிறேன்னாங்களே."

"...வந்துடுச்சு மேடம்."

6

இங்கே கதை தன் போக்கில் ஓர் ஆறுதலைத் தேடுகிறது. நான் தேடவில்லை, மாமாதான் தேடினார். எலக்ட்ரீஷியன் நோட்டு என்றதுமே அவருக்கு ஏதோ பொறி தட்டியது.

"நீதானே சொல்லுவ, உங்க ஃபாக்டரி எலக்ட்ரீஷியன் பத்தி?"

அக்காவே சொல்லிச் சொல்லிச் சிரித்த விஷயம்தான். அவர்கள் தொழிற்சாலை எலக்ட்ரீஷியன் திங்கட்கிழமை காலையிலேயே உட்கார்ந்து சனிக்கிழமைவரைக்குமான நோட்டை எழுதி முடித்துவிடுவார். ஒரு புதன்கிழமை கரண்டே இல்லை. அன்றைக்கும் எல்லா மோட்டாரும் சரியாக ஓடியதாக அவர் கையெழுத்து இருக்கும்.

"இங்கயும் அப்படித்தான் எழுதி வெச்சிருப்பான். மோட்டார் ஓடிட்டுத்தான் இருந்திருக்கும். போய்க் கேளு!"

"போய் என்னன்னு கேக்கறது? உங்க ஆள் பொய்க் கணக்கு எழுதறான்னா? அவன் வேலையைப் போக்கிட்டு நான் போய் உக்காரவா?"

"அவன் பொய் எழுதினா அது அவன் பாடு."

"எழுதலன்னா?"

எழுதவில்லை என்றால் கோளாறு குழாயில் இல்லை, இவளிடம் இருக்கிறது. அப்படி இருந்தால் எப்போதிலிருந்து இருக்கிறது? கம்பெனிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன அன்றைக்கா வந்திருக்கும்? இந்த இடத்தில் அக்காவுக்கு வேலை போனதெல்லாம் மறந்துவிட்டது. அவளுக்கு நினைவில் வந்தது கொக்கிக்காரர்.

தையல் மெஷினில் நூலைப் பிடித்து இழுக்கும் கொக்கியைப் பூட்டுகிறவர் அவர். கடைசி வருடத்தில் ஒரே வாரத்தில் அவர் பூட்டிய பன்னிரண்டு மெஷினுக்கு அக்கா வட்டம் போட்டாள். "சரியாத்தாம்மா இருக்கு, இன்னொரு தடவ ஓட்டிப் பாரு" என்று அவர் மேஜைக்கே வந்து நின்றார். அக்கா இன்னொரு தடவை ஓட்டவில்லை. "எனக்குக் கேக்குது" என்றாள். தொழிற்சாலையில் அதற்கு மேல் பேச்சில்லை. அவரைப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள்.

எழுதியவரைக்கும் இந்தக் கதையை அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். எழுத்தாளன் செய்யக்கூடாத காரியம். சாக்பீஸ் இல்லை என்று குட்டியின் பென்சிலை எடுத்துக்கொண்டாள். "மௌனம்" மேல் ஒரு வட்டம். "அசந்து போய்ட்டோம்" மேல் ஒரு வட்டம் ("அந்த ஆள் அப்படிப் பேச மாட்டார்"). கொக்கிக்காரர் வரும் பத்தியின் ஓரத்தில் ஒரு கோடு. பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிய பத்தியில் கோடும் இல்லை, வட்டமும் இல்லை. விட்டுப்போய்விட்டதா என்று கேட்டேன்.

"எது?"

"பிரிட்ஜ்."

"அடுத்த பக்கத்தைக் குடு."

7

அடுத்த பக்கத்தில் முடிவுகள் இருந்தன. இரண்டு எழுதியிருந்தேன்.

முதல் முடிவு: ஒரு மாதம் கழித்து இன்ஜினியர் கூப்பிடுகிறார். எலக்ட்ரீஷியன் உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டார். அன்று மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. "உங்க ஷூ இன்னும் இங்கயேதான் இருக்கு மேடம். எப்ப—"

"இந்த மாதிரி சினிமாவெல்லாம் நான் பாக்கறதில்ல" என்று அக்கா அதன் குறுக்கே கோடு இழுத்தாள். இது சரி என்பதற்கான கோடு இல்லை.

இரண்டாம் முடிவு: காது மருத்துவமனை. கண்ணாடி ஜன்னல் வைத்த சின்னக் கூண்டுக்குள் அக்காவை உட்கார வைக்கிறார்கள். காதில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன். "சத்தம் கேட்டா அழுத்துங்கம்மா, எவ்வளவு சின்னதா இருந்தாலும் பரவால்ல" என்கிறாள் பரிசோதனை செய்யும் பெண். அக்கா கண்ணை மூடுகிறாள். காத்திருக்கிறாள். மெல்லிசாக, இடப்பக்கம். பட்டனை அழுத்துகிறாள். கண்ணாடியைத் தட்டும் சத்தம். கண்ணைத் திறந்தால் அந்தப் பெண் வெளியே நின்று கையை ஆட்டுகிறாள். "இன்னும் ஆரம்பிக்கலம்மா."

எனக்கு இந்த முடிவில் கொஞ்சம் பெருமை இருந்தது. அக்கா அதைப் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"இத எங்கேருந்து எடுத்த?"

"கற்பனைதான்."

"மாமா சொன்னாரா?"

"மாமா என்ன சொல்லணும்?"

அவள் என்னையே பார்த்தாள். பொய் சொல்கிறேனா என்று என் முகத்தில் தேடினாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போயிட்டு வந்துட்டியாக்கா?"

"ம்."

"என்ன சொன்னாங்க?"

"உன்கிட்ட சொல்ல மாட்டேன்."

"எழுத மாட்டேன்க்கா."

"எழுதுவ. நீ என்ன செய்வ, உனக்கு அதான் வேலை. உள்ள நடந்ததுல ஒரே ஒரு விஷயம் சொல்றேன், வேணும்னா போட்டுக்க. அந்தப் பட்டன் வழவழன்னு தேஞ்சு போயிருந்துச்சு. எத்தனை பேர் உக்காந்து பயந்து பயந்து அழுத்தியிருக்காங்கன்னு நெனச்சேன். மிச்சம் உனக்குக் கிடையாது."

பேச்சு அதோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். அவளே தொடர்ந்தாள்.

"கொக்கிக்காரருக்குப் போன் பண்ணினேன்."

"எப்ப? ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியா, போயிட்டு வந்தப்புறமா?"

"பாரு, அதுலயே கண்டுபிடிக்கப் பாக்கற. பண்ணினேன், அவ்வளவுதான். அண்ணே, அந்தப் பன்னெண்டு மெஷின் சரியா இருந்துச்சாண்ணேன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"கொஞ்சம் யோசிச்சார். நாலு சரியில்லம்மா, எட்டு நல்லாத்தான் இருந்துச்சுன்னார். அன்னிக்கு நீ இன்னொரு தடவ ஓட்டியிருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்னார். கோவமாச் சொல்லல. அதான் கஷ்டமா இருந்துச்சு."

(அவர் சொன்னது சரியா என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. அந்தப் பன்னிரண்டு மெஷினும் இப்போது எந்தெந்த வீட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றனவோ.)

8

இந்த இடத்தில் நான் ஒரு முடிவை வைக்க வேண்டும். என்னிடம் இல்லை. அக்காவின் காது நன்றாக இருக்கிறதா, அன்று குழாய் மோட்டார் ஓடியதா என்ற இரண்டுக்கும் விடை ஒன்றுதான், அது அவளிடம் இருக்கிறது. ஒரு விடையை எடுத்துக்கொண்டால் எலக்ட்ரீஷியன் பொய்யர், இன்னொன்றை எடுத்துக்கொண்டால் அக்காவின் பதினாறு வருடத்தில் எத்தனை வருடம் அவள் காது தப்பாகச் சொன்னது என்ற கேள்வி. எதை உங்களால் தாங்க முடியுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் நாளுக்கு ஒன்றாக மாற்றி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லோரும் என்ன ஆனார்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வேலை, ஒரு மணி நேரம் உள்ளே இருந்துவிட்டு "ஒன்றும் கேட்கவில்லை" என்று எழுதிக் கொடுத்த ஒருவருக்குப் போனது. இன்ஜினியர் அதே கம்பெனியில்தான் இருக்கிறார். புதுவருடத்துக்கு அக்காவுக்கு வாழ்த்து அனுப்பினார். அவளும் பதில் வாழ்த்து அனுப்பினாள். எலக்ட்ரீஷியனை எங்களில் யாரும் பார்த்ததில்லை. கொக்கிக்காரர் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். மாமா அதே வேனை அதே பாதையில் ஓட்டுகிறார். வேலை என்னாச்சு என்று கேட்ட தாய்மார்களிடம், "ரொம்ப தூரம், நான்தான் வேணாம்னுட்டேன்" என்று சொல்லிவைத்திருக்கிறார். குட்டி பதினொன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். அந்த ஆப்பை அழித்துவிட்டாள்.

அக்கா பள்ளிச் சீருடை தைக்கும் ஒரு கூடத்தில் இருபத்திரண்டு மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறாள். சம்பளம் பழையதைவிடக் குறைவு. வீட்டிலிருந்து நடக்கும் தூரம். போன வாரம் நான் அங்கே போயிருந்தபோது, மூன்றாம் வரிசையில் ஒரு மெஷின் பக்கத்தில் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். தைக்கிற பெண்ணிடம் ஓட்டச் சொன்னாள். நிறுத்தச் சொன்னாள். மறுபடி ஓட்டச் சொன்னாள்.

"உனக்குக் கேக்குதாம்மா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கேக்குதுக்கா" என்றாள்.

அக்கா ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தாள்.